புள்ளி வராத போட்டியில் ஆட்டத்தின் சுவையை மீட்பது எப்படி

ஒன்பது சுற்றுகள் கொண்ட ஓப்பன் செஸ் போட்டியில் ஐந்து சுற்றுகள் முடிந்திருக்கின்றன. உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றோ ஒன்றரையோ புள்ளி நிற்கிறது. கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு கல்லூரி அரங்கில், முதல் நாள் முன்வரிசை மேசையில் அமர்ந்தவர் இப்போது கதவோரத்து மேசைக்கு வந்துவிட்டீர்கள். நுழைவுக் கட்டணம், அறை வாடகை, வேலையில் எடுத்த விடுப்பு என எல்லாம் மனக்கணக்கில் ஏறியிருக்கின்றன. மீதிச் சுற்றுகளை எப்படியாவது ஆடி முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நினைப்பும் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவருக்கானது. மீதி நான்கு ஆட்டங்களையும் வெல்வதற்கான வழியை இதில் நான் சொல்லப்போவதில்லை. அவற்றை விரும்பி ஆடுவதற்கான வழியைச் சொல்கிறேன். போட்டி முடியும்வரை காத்திருக்காமல் அன்று மாலையிலிருந்தே அதைத் தொடங்கலாம் என்பது, இத்தகைய போட்டிகளில் ஆடியும் பிள்ளைகளை அழைத்துச் சென்றும் நான் கண்டறிந்தது.

முதலில் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மனம் உடைவதற்குப் பாதிக் காரணம் கணக்குப் புரியாமை. நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவதே அம்முறையின் அடிப்படை. தோற்றவர் கீழ் மேசைக்குப் போவது தண்டனையன்று. அந்தப் போட்டியில் அதுவரை அவரைப் போலவே ஆடிய ஒருவரைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு மேசையிலும் இருவருக்கும் சேர்த்து ஒரு புள்ளிதான் கிடைக்கிறது என்பதால், இருநூறு பேர் ஆடும் அரங்கில் ஆடிய சுற்றுகளில் பாதிக்கும் குறைவான புள்ளியோடு நிற்பவர்கள் எப்போதும் கூட்டமாகவே இருப்பார்கள். உங்கள் பக்கத்து மேசைகளைச் சற்றுப் பாருங்கள். அங்கே இருப்பவர்களும் செஸ்ஸை நேசித்துப் பேருந்து ஏறி வந்தவர்கள்தான்.

ஒருவரின் ஆட்ட பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கின் கணக்கும் அப்படியே. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி, உங்களைவிட 200 ரேட்டிங் புள்ளி அதிகமுள்ளவரோடு ஆடும்போது உங்களிடம் எதிர்பார்க்கப்படும் பலன் 0.24. அதாவது அத்தகைய நான்கு ஆட்டங்களில் ஒரு புள்ளி எடுத்தாலே நீங்கள் எதிர்பார்ப்பை நிறைவேற்றிவிட்டீர்கள். வித்தியாசம் 400 ஆனால் எதிர்பார்ப்பு 0.08 ஆகச் சுருங்கிவிடுகிறது. இதே அட்டவணையைத் திருப்பிப் படித்தால், உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரிடம்கூட நான்கு ஆட்டங்களில் ஒரு புள்ளி நழுவுவது இயல்பு. தோல்வியின் விலையும் அளவுக்கு உட்பட்டதே. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால், கே எண் (ஓர் ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்பதற்கான பெருக்கல் எண்) 20 உள்ள ஒருவர் 10 ரேட்டிங் புள்ளிகளை இழக்கிறார். பதினெட்டு வயதுக்குக் கீழே, 2300-க்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கே எண் 40 என்பதால் 20 புள்ளிகள் போகும்; அவை அதே வேகத்தில் திரும்பியும் வரும். தவிர, 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலில் ரேட்டிங்கின் அடிமட்டம் 1400 ஆக உயர்த்தப்பட்டுவிட்டதால், பட்டியலில் எண்ணே இல்லாத ஒரு சிறுவன் எதிரே அமர்ந்தால் அவனை எளிதாக எண்ணிவிடக்கூடாது. மாவட்டப் பள்ளிப் போட்டிகளில் நாள்தோறும் பயிற்சி செய்து வரும் பிள்ளைகளின் பலம் அவர்களது எண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை ஒருமுறை தெரிந்துகொண்டு, பிறகு மூடி வைத்துவிடுங்கள். எத்தனை புள்ளி குறைந்தது என்று சுற்றுக்குச் சுற்று கைப்பேசியில் பார்ப்பதைக் கடைசிச் சுற்று முடியும்வரை நிறுத்துங்கள். யாரோடு யார் ஆடுவது என்று காட்டும் பேரிங் பட்டியலில் மேசை எண்ணையும் நிறத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.

தோற்ற பின் வரும் முதல் அரை மணி நேரம்

ஆட்டத்தின் மகிழ்ச்சி தொலைவதும் திரும்புவதும் பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான் என்று நான் கருதுகிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமாக நடப்பது இது. கைகுலுக்கி, நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட்டுவிட்டு, வாசலில் கொடுத்து வைத்திருந்த கைப்பேசியை வாங்கியதும், ஆட்டத்தை அலசும் கணினி நிரலான என்ஜினில் நகர்த்தல்களை ஏற்றுகிறோம். பதினெட்டாவது நகர்த்தலில் ஒரு சிவப்புக் குறி விழுகிறது. அங்கே வேறொன்று ஆடியிருந்தால் சமநிலை என்று ஓர் எண் சொல்கிறது. மூன்று மணி நேரம் நாம் யோசித்தவை, அஞ்சியவை, ஆசைப்பட்டவை அனைத்தும் அந்த ஒற்றைக் குறிக்குள் அடங்கிவிடுகின்றன. என்ஜின் சொல்வது சரிதான். ஆனால் நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே விடை வந்துவிடுவதால், அந்த நிலையைப் பற்றி நமக்கு இருந்த ஆவலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. சோர்ந்த மனத்துக்கு அது மதிப்பெண் பட்டியல் போலத்தான் தோன்றும். எனவே போட்டி முடியும்வரை என்ஜினைத் திறக்காதிருப்பது என்று முடிவு செய்யுங்கள்.

அதற்குப் பதிலாக, உங்களை வென்றவரிடமே கேளுங்கள். "அஞ்சு நிமிசம் இருந்தா ஆட்டத்தை ஒருக்கா பாக்கலாமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, வென்றவருக்கும் தன் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆசை இருக்கும். ஆட்ட அரங்குக்குள் இதைச் செய்யக்கூடாது. மற்றவர்களின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அலசல் கூடாது என்பது விதியும் நாகரிகமும் ஆகும். வராண்டாவோ மரத்தடியோ போதும். சுருட்டி வைக்கும் ரெக்சின் போர்டும் காய்களும் பையில் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

ஈரோட்டில் ஒரு கோடை விடுமுறைப் போட்டியில் நான் கண்ட காட்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அறுபதைக் கடந்த ஒருவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவனிடம் தோற்று வெளியே வந்தார். அது அவருக்குத் தொடர்ந்து வந்த தோல்விகளில் ஒன்று. படிக்கட்டில் உட்கார்ந்து போர்டை விரித்து, சிறுவனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, "நீங்க எதுக்குக் கண்ணு அந்தச் சிப்பாயைத் தள்ளவே இல்ல? நான் அதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். சிறுவன் சற்று யோசித்து, "அதைத் தள்ளினா நீங்க யானையைக் குடுத்துக் குதிரையை வாங்கிருவீங்கன்னு நெனச்சேனுங்க தாத்தா" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருவரும் அந்த நிலையை மீண்டும் அடுக்கி, யானையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்கள் சிதறின. சிறுவன் ஒரு தற்காப்பு சொன்னான், அவர் ஒரு தாக்குதல் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு அவனுடைய அம்மா இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. ஆடப்படாமலே போன அந்த ஆட்டம், ஆடி முடித்ததைவிட அழகாக இருந்தது; அதை இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள்.

இப்படிப் பேசும்போது எதைக் கேட்பது என்பது முக்கியம். "உங்களுக்கு எந்த இடத்தில் உங்கள் நிலை பிடிக்கத் தொடங்கியது?", "நான் எதை ஆடுவேன் என்று பயந்தீர்கள்?", "நான் எதை ஆடுவேன் என்று எதிர்பார்த்து ஏமாந்தீர்கள்?" என்ற மூன்று கேள்விகளும் என்ஜினால் பதில் சொல்ல முடியாதவை. மாறாக, "நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்" என்று நிறுவத் தொடங்கினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் கசந்துவிடும். எதிராளிக்கு நேரமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்; நீங்களே தனியாக அமர்ந்து, அந்த ஆட்டத்தில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரே ஒரு நிலையை எடுத்து, காய்களைக் கையால் நகர்த்திப் பாருங்கள்.

பிறகு ஒரு நோட்டில் அந்த நிலையைக் குறித்து, அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். "இங்கே யானையைக் கொடுக்கலாமா?" என்பது போல அது கேள்வியாக இருக்கட்டும். ஆட்டம் நடக்கும்போது ஸ்கோர் ஷீட்டில் இத்தகைய குறிப்புகளை எழுதக்கூடாது. நகர்த்தல்கள், கடிகார நேரம், டிரா கேட்டது போன்றவற்றுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. ஆகவே நோட்டு பையிலேயே இருக்கட்டும்.

மாலையில் ஒரு புதிர்

இரவு அறைக்குத் திரும்பிய பின் நாளைய எதிராளி ஆடும் ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசையை, தேடிக்கொண்டிருப்பது, நன்றாகப் போகும் போட்டிக்கு ஏற்றது. சோர்ந்திருக்கும்போது நான் பரிந்துரைப்பது சில காய்களே மீதமிருக்கும் ஒரே ஒரு எண்ட்கேம் புதிரை போர்டில் வைத்துப் பார்ப்பது. அதிலும் முதலில் வைக்க வேண்டியது ரிச்சர்ட் ரேட்டி 1921-இல் அமைத்த புதிர்.

போர்டில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல், கறுப்புச் சிப்பாய் எச்5-இல். வெள்ளை முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும். பார்த்த மாத்திரத்தில் இது நடக்காத காரியம் என்றே தோன்றும். கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் வெள்ளை ராஜா எட்டிப்பிடிக்க முடியாது. தன் சிப்பாயைக் காக்கப் போனால் அது வெகு தொலைவு. கறுப்பு ராஜாவோ சி6-ஐ இரண்டே நகர்த்தலில் தின்றுவிடும்.

விடையைப் படிப்பதற்கு முன் நீங்களே முயன்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பொறுமை இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜாவை மூலைவிட்டமாக நடத்த வேண்டும்: ஜி7, பிறகு எஃப்6, பிறகு ஈ5. எச்8-இலிருந்து நேராக எச்5-க்கு இறங்கவும் மூன்று நகர்த்தல். சாய்வாக ஈ5-க்கு வரவும் அதே மூன்று நகர்த்தல்தான். அளவுகோலை வைத்தால் சாய்வழி நீளமானது, செஸ் போர்டில் நீளமில்லை. ஆகவே ராஜா ஒரு கட்டத்தைக்கூட வீணாக்காமல் இரண்டு வேலைகளுக்கும் ஒரே நேரத்தில் நெருங்குகிறது. இடையில் கறுப்பு, சிப்பாயை எச்4-க்குத் தள்ளி, ராஜாவை பி6-க்குக் கொண்டுவந்திருக்கும். இப்போது கறுப்பு ராஜா சி6-ஐத் தின்றால், வெள்ளை ராஜா எஃப்4-க்குப் போய்க் கறுப்புச் சிப்பாயைப் பிடித்துவிடும். சிப்பாய் எச்3-க்கு ஓடினால், வெள்ளை ராஜா டி6-க்குப் போய்த் தன் சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கரைசேர்க்கும். இரு பக்கமும் ராணி பிறந்து ஆட்டம் டிரா ஆகும்.

இதை போர்டில் கையால் நகர்த்திப் பார்க்கும்போது, எத்தனை முறை தோற்றிருந்தாலும், முகத்தில் ஒரு சிரிப்பு வராதவரை நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்போடு போர்டை மூடிவிட்டுத் தூங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பத்துப் புதிர்களை அடுக்கினால் அதுவும் பயிற்சியாகிவிடும்.

அடுத்த சுற்றில் அமரும்போது

ஓப்பனிங்கில் உங்களுக்குப் பிடித்ததை ஆடுங்கள். பாதுகாப்பானது என்று யாரோ சொன்ன, உங்களுக்குச் சலிப்பூட்டும் வரிசையைச் சோர்வான நாளில் ஆடினால், பன்னிரண்டாவது நகர்த்தலிலேயே எழுந்து போகத் தோன்றும். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் கிங்ஸ் கேம்பிட்டின் மேல் ஆசையிருந்தால் இதுதான் அதற்கான நாள். புள்ளிப் பட்டியலில் நீங்கள் நிற்கும் இடத்தில் அதனால் பெரிய இழப்பு எதுவும் வந்துவிடாது. ஆனால் கண்மூடித்தனமாகக் காய்களை வாரிக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதாக எண்ண வேண்டாம். விரும்பிய நிலைக்கு வந்து சேருவதும், அங்கே முழு மூச்சுடன் யோசிப்பதும் இரண்டும் சேர்ந்ததுதான் இந்த அறிவுரை.

ஓப்பனிங் முடிந்து காய்கள் வெளியே வந்ததும், ஒரு நகர்த்தலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொண்ணூறு நிமிடத்தோடு நகர்த்தலுக்கு முப்பது விநாடி கூடும் ஆட்டத்தில் இது கட்டுப்படியாகும் செலவே. அந்தப் பத்து நிமிடத்தில் நகர்த்தலைத் தேட வேண்டாம். என் காய்களில் எது வேலையில்லாமல் நிற்கிறது, எதிராளியின் காய்களில் எது எனக்குத் தொல்லை, எந்தக் கட்டத்தில் என் குதிரை போய் உட்கார்ந்தால் நன்றாயிருக்கும் என்று போர்டை மட்டும் படியுங்கள். சோர்ந்திருப்பவர் வேகமாக ஆடுவார். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் வேதனையும் சீக்கிரம் முடியும் என்பது அவருடைய மனத்தின் கணக்கு. இந்தப் பத்து நிமிடம் அந்த வேகத்தை உடைக்கிறது. இதே காரணத்துக்காகப் பதினைந்தாவது நகர்த்தலில் டிரா கேட்காதீர்கள், கேட்டால் ஏற்காதீர்கள்.

எதிராளி யோசிக்கும் நேரத்தில் எழுந்து முதல் மேசைகளைப் பார்த்து வாருங்கள். இடைவேளையில் ஆட வேண்டும் என்றால், வெளியே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு இரண்டொரு பிளிட்ஸ் (சில நிமிட விரைவு ஆட்டம்) ஆடலாம். அதற்கு மேல் வேண்டாம். மே மாத வெயிலில் இரண்டாம் சுற்றுக்கு முன் பிரியாணி வேண்டாம், தயிர்ச் சோறும் மோரும் போதும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

உடல்நிலை சரியில்லை என்றால் தவிர, போட்டியிலிருந்து விலக வேண்டாம். மிகவும் களைத்திருந்தால், ஒரு சுற்றை ஆடாமல் விட்டு அரைப் புள்ளி பெறும் ‘பை’ விதிமுறைத் தாளில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பேரிங் போடும் முன்பே நடுவரிடம் எழுதிக் கொடுங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு அதைப் பொதுவாகத் தரமாட்டார்கள். அந்த அரை நாளில் ஈரோட்டில் இருந்தால் பவானிக் கூடுதுறைக்கும், கோபி பக்கம் இருந்தால் கொடிவேரிக்கும் போய் வரலாம்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2010-இல் சோபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டிக்கு, எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோனதால், விஸ்வநாதன் ஆனந்த் சாலை வழியாகவே பயணம் செய்து வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே எதிராளி டோபலோவிடம் தோற்றார். அடுத்த ஆட்டத்தை வென்றார்; கடைசி ஆட்டத்தைக் கறுப்பில் வென்று 6.5 - 5.5 என்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். 2024-இல், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொரண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் குகேஷ் தோற்றார். அதையடுத்த ஓய்வு நாளிலேயே தனக்கு மனம் தெளிந்துவிட்டதாகவும், அந்தத் தோல்வியே புதிய ஊக்கத்தைத் தந்திருக்கலாம் என்றும் அவர் பின்னர் கூறினார். அப்போட்டியை வென்ற அவர், அதே ஆண்டு டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனார். நம் ஈரோட்டிலிருந்து சென்று 2019-இல் இந்தியாவின் 61-ஆவது கிராண்ட்மாஸ்டரான இனியன் பன்னீர்செல்வத்தின் ஆட்டங்கள் இணையத் தரவுத்தளங்களில் கிடைக்கின்றன. போட்டி நடக்கும் நாட்களில் அவற்றில் ஒன்றை என்ஜின் இல்லாமல் ஆடிப் பார்ப்பது மிகவும் நல்லது.

பிள்ளையை அழைத்து வந்தவர்களுக்கு

பிள்ளை வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். அதைக் கேட்க வேண்டியதில்லை. "போச்சாது கண்ணு, வா சாப்பிடலாம்" என்பதே போதுமானது. சாப்பிட்ட பிறகு, "உனக்கு எந்த இடம் புடிச்சிருந்துச்சு, காட்டு பாக்கலாம்" என்று கேளுங்கள். செஸ் தெரியாத பெற்றோர் கேட்டால் இன்னும் நல்லது. குதிரை ஏன் அங்கே போனது என்று அம்மாவுக்கு விளக்கும்போது, பிள்ளைக்கே தன் ஆட்டத்தின் மேல் மறுபடி ஆசை வரும். செலவான பணத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியையும் அந்த வளாகத்துக்குள் பேசாதீர்கள்.

கடைசிச் சுற்று

கடைசிச் சுற்றின்போது கீழ் மேசைகளில் சிலர் வராமலே போய்விடுவார்கள். மேடையில் கோப்பைகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். பேருந்து நேரம் வேறு மனத்தை இழுக்கும். பேருந்தை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டு, இருக்கும் நேரம் முழுவதையும் பயன்படுத்தி அந்த ஆட்டத்தை ஆடுங்கள். முடிந்ததும் எதிராளியோடு வராண்டாவுக்குப் போய் வழக்கம்போல அலசுங்கள். அவர் திருப்பூரோ பல்லடமோ பொள்ளாச்சியோ என்று விசாரித்து, ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்தால், மாதத்தில் ஒரு ஞாயிறு நேரில் சந்தித்து ஆட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

என்ஜினை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத் திறக்கலாம். முழு ஆட்டங்களையும் ஏற்றாமல், நோட்டில் கேள்வியோடு குறித்து வைத்த நிலைகளை மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் உங்கள் விடையை எழுதிவிட்டு, பிறகு அதன் விடையைப் பாருங்கள். இரண்டும் வேறுபடும் நிலைகளை, போர்டோடு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோங்கள்.